பதிவும் மறுப்பும்: கையடக்க ஒலிப்பதிவுக் கருவி குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரே மார்கழியில், பத்து நாள் இடைவெளியில், எனது ஒலிப்பதிவுக் கருவி இரண்டு கச்சேரிகளுக்கு என்னோடு வந்தது. முதலாவது சென்னையில் ஒரு சபா. நுழையும்போதே பலகை: ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு கூடாது. பையில் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றவர், "சார், அத வெளிய குடுத்துட்டுப் போங்க" என்றார். கொடுத்துவிட்டுத்தான் போனேன். இரண்டாவது, வடமாவட்டச் சிற்றூர் ஒன்றில் நடந்த கலை இரவு. பறைக் குழுவுக்கு நேர் எதிரே முக்காலியைப் போட்டுக் கருவியை நிறுத்தினேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இந்தக் 'கேட்கவில்லை'யைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2

கருவி நடுநிலையானது, யார் முன்னால் வைத்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதிக்கொள்ளும் என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. டிஜிட்டல் வந்த பிறகு அது இன்னும் கெட்டிப்பட்டுவிட்டது. 1987இல் டேட் நாடா, 1992இல் மினி டிஸ்க், 2006 வாக்கில் எடிரோல் ஆர்-09, ஸூம் ஹெச்4 மாதிரி நாடாவே இல்லாமல் நினைவக அட்டையில் எழுதும் கருவிகள். இன்று சட்டைப் பைக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கூடமே அடங்கிவிடுகிறது.

ஆனால் அன்றைக்குப் பறையின் முதல் அடியிலேயே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதைத் தாண்டும் ஒலியலையின் தலை வெட்டுப்படும். பிறகு ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் உச்ச அடி கூரைக்கு ஒரு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி முன்கூட்டியே லெவல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அவசரத்தில் நான் தானியங்கி லெவலைப் போட்டுவிட்டேன். அது பலத்த ஒலியை அமுக்கும். மெல்லிய ஒலியைத் தூக்கும். வீட்டுக்கு வந்து கேட்டால், அடி ஏற ஏறக் கருவி அதை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அடி ஓய்ந்த இடங்களில் ஜெனரேட்டர் இரைச்சல் பெரிதாகிக் கேட்கிறது. கூட்டமே எழுந்து நின்ற கட்டம் என் பதிவில் சமதரையாகக் கிடக்கிறது.

இதைக் கருவியின் சதி என்று சொல்ல வரவில்லை. (எதையும் சதி என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம்.) விஷயம் வேறு. லெவல் வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஆட்டக்காரரிடம் போய், "அண்ணே, பலமா ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். அவர் "எதுக்குப்பா?" என்பார். "ரெக்கார்டு பண்ணப் போறேன்." "பண்ணி?" இப்படி ஒரு பேச்சு தொடங்கியிருக்கும். அரைமணி நேரம் மேடைக்குப் பின்னால் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

இப்போதைய கருவிகளில் அந்தப் பேச்சுக்கும் அவசியமில்லாமல் போய்விட்டது. 2019இல் ஸூம் எஃப்6 கருவியோடு வந்த 32 பிட் ஃப்ளோட் முறை, 2024இல் அதே நிறுவனத்தின் விலை குறைந்த கையடக்கக் கருவிகளிலும் வந்துவிட்டது. மைக் தாங்குகிற மட்டும் எந்த அடியும் வெட்டுப்படாது. முன்கூட்டி லெவல் வைக்கத் தேவையே இல்லை. பதிவுசெய்பவனுக்கு இது விடுதலைதான். ஆனால் எதிரே நிற்பவரோடு பேசியாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்தும் சேர்த்தே அவன் விடுதலையாகிவிடுகிறான்.

3

பதிவை நண்பர்களின் அலைபேசிக் குழு ஒன்றில் போட்டேன். "அருமை தோழர்" என்று பதில்கள் வந்தன. பெருமையாகவும் இருந்தது. பதினைந்து நாள் கழித்துக் குழுத் தலைவர் பேசினார். ஆட்டம் முடிந்ததும் அவர் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் சொல்லி அறிமுகப்படுத்தியிருந்தார். அதுவும் பதிவில் இருந்தது. அதில் ஒரு இளைஞரின் குடும்பம், ஊர்க்காரர் வீட்டுச் சாவுக்கு இனிப் பறையடிப்பதில்லை என்று நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பதிவு கைமாறிக் கைமாறி அந்த ஊருக்கே போய்விட்டது. டீக்கடையில் அவருடைய அப்பாவை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்: "மேடையில அடிக்க வருது, எங்க வீட்டுச் சாவுன்னா மட்டும் ஒங்க புள்ளைக்குக் கை வலிக்குதோ?"

தலைவர் என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தான் பதிவு பண்ணியிருக்கீங்க தோழர். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். குழுவிலிருந்து நீக்கினேன். அதற்குள் எத்தனை அலைபேசிகளுக்குப் போயிருந்ததோ!

தொண்ணூறுகளில் தலித் பண்பாடு குறித்து நடந்த விவாதங்களில் பறை இரண்டு விதமாகப் பேசப்பட்டது. அது இழிவு சுமத்தப்பட்ட ஊழியம், அடிப்பதை நிறுத்து என்பது ஒன்று. அது நமது கலை, தலைநிமிர்ந்து அடி என்பது மற்றொன்று. இவை எதிரெதிர் நிலைப்பாடுகள் என்றே நான் வாசித்து வந்திருக்கிறேன். அந்த இளைஞரோ இரண்டையும் ஒன்றாகவே செய்துகொண்டிருந்தார். ஊரில் மறுத்தார், மேடையில் அடித்தார். எங்கே, யாருக்காக, எப்போது என்பதைத் தீர்மானிக்கிறவர் அவர். அவருடைய அரசியலே அந்தத் தீர்மானத்தில்தான் இருந்தது. என் பதிவு மேடையைத் தூக்கிக்கொண்டுபோய் ஊர் நடுவே வைத்தது. தீர்மானம் அவர் கையிலிருந்து பறிபோனது.

4

சரி, பதிவே கூடாதா? அப்படியில்லை. அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு, 1984இல் ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்வதற்கென்றே அரங்கில் தனிப்பகுதி ஒதுக்கியது. நாடாக்களைப் பரிமாறிக்கொள்ளலாம்; விற்கக் கூடாது. 2005 நவம்பரில், இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருந்த அவர்களுடைய பதிவுகளைத் தரவிறக்குவது குழுவின் தரப்பிலிருந்து நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே ரசிகர்கள் எடுத்த பதிவுகள் திரும்ப வந்தன. ஒலிப்பலகையிலிருந்து நேரடியாக எடுத்தவற்றைக் கேட்க மட்டுமே முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்பதல்ல இங்கே கேள்வி. கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர்களால் முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமது சட்டமும் வெறுங்கையோடு இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துவோர் உரிமையைச் சேர்த்தது. பாடகர், இசைக்கலைஞர் என்று நீளும் அந்தப் பட்டியலில் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட உண்டு. 25 ஆண்டுகளாக இருந்த காலவரம்பை 1999 திருத்தம் 50 ஆக்கியது. சொந்த உபயோகத்துக்கோ உண்மையான கற்பித்தல், ஆய்வுக்கோ பதிவுசெய்தால் அது மீறலாகாது என்கிறது 39ஆம் பிரிவு. ஆக, முக்காலி போட்டவரைக்கும் எனக்கு அந்த விலக்கு உண்டு. ஊர் ஊராக அனுப்பியதற்கு இல்லை என்றே வாசிக்கிறேன். ஆனால் இதைச் சொல்லி எந்தப் பறைக் கலைஞர் நீதிமன்றப் படி ஏறப்போகிறார்? சபாவில் என்னைத் தடுத்ததும் சட்டம் அல்ல, பலகை. பலகை மாட்டக் கட்டடம் வேண்டும். கட்டடத்துக்கு வாசல் வேண்டும். வாசலில் நிறுத்த ஆள் வேண்டும். திறந்தவெளியில் அடிப்பவருக்கு இது எதுவும் கிடையாது. மறுக்கும் உரிமை சட்டத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். நடைமுறையில் அது கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோழர்கள் கேட்கலாம்: சபா சங்கீதத்துக்கு நூறு வருஷத்து இசைத்தட்டு இருக்கு, நாமும் பதியலேன்னா நம்ம வரலாறு என்னாகும்? நியாயமான கேள்வி. ஆனால் அந்த 'நாம்' யார் என்று கேட்காமல் சேர்க்கும் காப்பகம், அடித்தவரின் வரலாறாக ஆகாது. சேர்த்தவரின் சேகரிப்பாகவே இருக்கும்.

அடுத்த வருஷம் அதே குழு, வேறொரு கலை இரவு. இந்தத் தடவை தீ மூட்டும்போதே போய் உட்கார்ந்தேன். பலமா ஒரு அடி கேட்டேன், லெவல் வைத்தேன். "பேரு சொல்றப்ப அமத்திடுங்க" என்றார் தலைவர். அமர்த்தினேன். அந்த இளைஞர் மட்டும், "நான் தனியா அடிக்கிறது வேணாம் தோழர்" என்றார். அவர் தனியாக அடித்த நாலு நிமிஷமும் கருவி அணைந்தே இருந்தது. நான் உட்கார்ந்து கேட்டேன்.

கலை இரவு நடத்துகிறவர்களிடமும் என்னைப் போலக் கருவி தூக்கிக்கொண்டு போகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்தான். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் 'பறை-1', 'பறை-2' என்று கிடக்கிற கோப்புகளைத் திறந்து பாருங்கள். அவற்றில் எத்தனைக்கு நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்கள்?