பள்ளிக்கூடத்துப் பேய்க்கு ஏன் பெயரில்லை?
செட்டிநாட்டை முன்வைத்து ஒரு விமர்சனம்

தமிழகத்தில் தொடக்கப் பள்ளியில் படித்த பலருக்கும் ஒரு பேய்க்கதை தெரிந்திருக்கும். கடைசி மணி அடித்த பிறகு பூட்டிய வகுப்பறைக்குள் யாரோ வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள். கிணற்றில் விழுந்து செத்த பிள்ளை உச்சிவெயிலில் தண்ணீர் கேட்கும். புளியமரத்தில் தூக்குப் போட்டுக்கொண்ட வாத்தியார் ராத்திரியில் வந்து வருகைப் பதிவு எடுப்பார். ஊர் மாறும், மரம் மாறும், கதையின் உடல் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இக்கதைகளைச் சொல்பவர் எப்போதும் ஒரு பழைய மாணவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பயமுறுத்தச் சொல்வது இதன் முதல் வடிவம். அதே ஆள் நாற்பது வயதில் ஊருக்கு வந்து, பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டு நினைவுக் குறிப்பாக எழுதுவது இரண்டாம் வடிவம். முதல் வடிவத்தில் பயம் மிகுதி, இரண்டாவதில் ஏக்கம் மிகுதி. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அந்தப் பேய் யார் என்று இரண்டுமே கேட்பதில்லை. செத்த பிள்ளைக்குப் பெயர் இருக்காது, எந்த வருடம் என்பது இருக்காது, தாய் தகப்பன் இருக்க மாட்டார்கள். இந்தப் பெயரின்மையைத்தான் இக்கட்டுரை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறது.

வீடும் பள்ளியும்

பேய்க்கதைக்குச் செட்டிநாடு எளிதில் இடம் கொடுக்கும் நிலம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் போன்ற ஊர்களில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகள் உள்ளன. பர்மாத் தேக்கில் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை என்று கட்டப்பட்டவை அவை. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருள் அவற்றைக் கட்டியது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழிலின் அடித்தளம் ஆட்டம் கண்டது. பிற்பாடு குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்தன. பல வீடுகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேச உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆளில்லாத பெரிய கட்டடத்தைக் கண்டால் பேய் நினைவு வருவது இயல்பு. ஆனால் செட்டிநாட்டு மரபே இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. நகரத்தார் தம் வீடுகளில் முன்னோருக்குப் படைப்பு நடத்துகிறார்கள். சமைத்துப் படைத்து, வேட்டியும் புடவையும் வைத்து, பங்காளிகள் கூடி வணங்குகிறார்கள். இறந்தவர் அங்கே குடும்பத்தின் தெய்வமாகிறார். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவரைக் கும்பிட ஒரு நாள் இருக்கிறது, உரிமையோடு கூப்பிட ஆள் இருக்கிறது. நாட்டார் வழக்கில் பேய் என்பது பெரும்பாலும் இவை கிடைக்காத சாவு. அற்பாயுளில் போனவர், கொலையுண்டவர், கடன் கழிக்கப்படாதவர் ஆகியோரே பேயாக அலைவதாக நம்பப்படுகிறது. கூப்பிடப் பெயர் இருந்தால் தெய்வம், பெயர் மறந்துபோனால் பேய் என்று இதைச் சுருக்கலாம்.

இந்த அளவுகோலைப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தினால் விசித்திரமான உண்மை தெரியும். ஓர் ஊரில் எல்லாருடைய பெயரும் எழுதப்படும் இடம் பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். வாசிக்கத் தெரியாத குடும்பத்தின் பெயர்கூட முதலில் எழுத்தில் ஏறியது பல ஊர்களில் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் பெயரில்லாத பேய் உலவுகிறது என்றால், ஏதோ ஒரு பெயர் பதிவேட்டில் விடுபட்டிருக்கிறது.

பதிவேட்டில் ஏறாத பிள்ளைகள்

விடுபட்ட பெயர்களைத் தேடினால் இந்த மண்ணின் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கும். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். நகை அணியக்கூடாது, சட்டை போடக்கூடாது, செருப்பும் குடையும் கூடாது என்பன அவற்றுள் சில. மீறியவர்கள் மீது வன்முறை ஏவப்பட்டது. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க மட்டுமே வேண்டும் என்பவை அந்தப் பதினொன்றில் சேர்ந்தவை. ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றி 1946-இல் வெளியிட்ட நூலில் இவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்.

அதே பகுதியில் அதே காலத்தில் வேறு பிள்ளைகள் சிலேட்டும் பலப்பமுமாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே மாட்டோடு நின்ற பிள்ளையைப் பற்றி ஒரு பேய்க்கதையும் நாம் கேட்டதில்லை. கிணற்றில் விழுந்த கற்பனைப் பிள்ளைக்காகப் பயப்பட்ட நாம், உள்ளே வரவே விடப்படாத உண்மைப் பிள்ளையை நினைத்து ஒருநாளும் பயப்படவில்லை. இவ்வகைக் கதைகளின் மீது வைக்க வேண்டிய முதல் குற்றச்சாட்டு இதுதான். பயத்தை அவை தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றன.

பாமாவின் எழுத்து இதைத் திருப்பிப் போடுகிறது. 'கருக்கு' (1992) ஒரு பழைய மாணவியின் நினைவுதான். விளையாட்டில் தென்னையைத் தொட்டபோது காய் விழுந்ததற்காகத் திருட்டுப் பட்டம் கட்டி, எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லித் தலைமையாசிரியர் அவமதித்த நிகழ்ச்சி அதில் வருகிறது. அங்கே பேய் கிடையாது, இருளும் கிடையாது. காலை வெளிச்சத்தில், பள்ளி கூடியிருக்கும் நேரத்தில் நடக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கூட வருவது அதுதான். 'சங்கதி' (1994) நாவலில் பேய்பிடித்தல் பற்றியே பேசும் பாமா, பேய் ஏன் ஒடுக்கப்பட்ட பெண்களையே தேடிப் பிடிக்கிறது என்ற கேள்வியை எழுப்பி, ஓய்வில்லாத உழைப்பிலும் அடக்கி வைத்த துயரத்திலும் விடை தேடுகிறார். பேய்க்கதையை நம்புவதா மறுப்பதா என்ற பழைய வாதத்தை விட்டுவிட்டு, அது யார் உடம்பில் ஏறுகிறது என்று பார்க்கும் இந்தப் பார்வை பள்ளிக்கூடப் பேய்க்கதைகளுக்கும் வேண்டும்.

பிரம்பின் நிழல்

இரண்டாவது குறை தண்டனையைப் பற்றியது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பிரம்பும் சட்டாம்பிள்ளையின் அதிகாரமும் தெரியும். அந்தப் பிரம்பு காரை போட்ட கட்டடங்களுக்கும் குடிபெயர்ந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பதினேழாம் பிரிவில் உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்தது. அதற்கு முன்பு அடி என்பது கல்வியின் பகுதியாகவே கருதப்பட்டது.

பிள்ளைகளின் பேய்க்கதைகளில் வரும் பேய் பெரும்பாலும் ஒரு வாத்தியார் அல்லது வாத்தியாருக்குப் பயந்து செத்த பிள்ளை. வாய்விட்டுச் சொல்ல முடியாத பயத்தைப் பிள்ளைகள் பேயின் தலையில் ஏற்றிச் சொன்னார்கள் என்று இதை வாசிக்கலாம். பிள்ளைகள் அப்படிச் செய்ததில் தவறில்லை, அவர்களுக்கு வேறு மொழி இல்லை. வளர்ந்த பிறகு எழுதும் பழைய மாணவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. 'அந்தக் கால வாத்தியார் அடித்தார், அதனால்தான் நாங்கள் உருப்பட்டோம்' என்று ஒரு பத்தியும், 'கடைசி அறையில் பேய் இருந்தது' என்று அடுத்த பத்தியும் எழுதுபவர், இரண்டும் ஒரே விஷயம் என்பதைக் கவனிக்காமல் போகிறார்.

ஜப்பானில் இவ்வகைக் கதைகளைப் பெரியவர்கள் பொருட்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். பள்ளிக் கழிப்பறையில் மூன்றாவது கதவை மூன்று முறை தட்டிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் ஹனாகோ என்ற சிறுமியின் கதை அங்கே நாடறிந்தது. போர்க்காலக் குண்டுவீச்சில் இறந்த பிள்ளை அவள் என்பது அதன் ஒரு வடிவம். நாட்டார் வழக்காற்று அறிஞர் சுனெமிட்சு தோரு தொகுத்த பள்ளிப் பேய்க்கதைகள் 1990 முதல் நூல்களாக வந்து பரவலாக வாசிக்கப்பட்டன. கவனிக்க வேண்டியது, ஹனாகோவுக்குப் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

பெயருள்ள பிள்ளைகள்

தமிழகத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நினைவு எப்படிக் காக்கப்பட வேண்டும் என்பதற்குக் கும்பகோணம் சாட்சி. 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில் மதிய உணவுச் சமையலின்போது பற்றிய தீ கூரைக்குப் பரவி, மாடி வகுப்பில் இருந்த 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அதே நாளில் பெற்றோர் படம் வைத்து, விளக்கேற்றி, பிள்ளைகளுக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள். அது படைப்பு வீட்டில் நடப்பதற்கு நிகரான செயல். அந்தத் தெருவைப் பற்றி ஒருவர் பேய்க்கதை எழுதினால் அது அநியாயமாக இருக்கும். கீற்றுக் கூரை, குறுகிய படி, கண்டுகொள்ளாத அதிகாரிகள் என்று காரணங்கள் எல்லாம் தெரிந்த சாவு அது. காரணம் தெரிந்த சாவைப் பேய் ஆக்குவது, பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதற்கு ஒப்பு.

தங்கர் பச்சானின் 'பள்ளிக்கூடம்' (2007) திரைப்படத்தையும் இந்த இடத்தில் நினைக்கலாம். மூடப்படவிருக்கும் கிராமத்துப் பள்ளியைக் காக்கப் பழைய மாணவர்கள் ஒன்று சேரும் கதை. ஏக்கம் சில இடங்களில் அளவு மீறுகிறது என்றாலும், அதன் பழைய மாணவர்கள் நினைத்து அழுவதோடு நிற்கவில்லை. கட்டடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள். 2019-இல் ஒரு மாணவரும் சேராத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்கத் தமிழக அரசு முடிவெடுத்தபோது, அந்தப் படத்தின் கவலை கற்பனை இல்லை என்று தெரிந்தது.

மதிப்பீடு

பள்ளிக்கூடத்துப் பேய்க்கதை தள்ளிவிட வேண்டிய வகை என்று இக்கட்டுரை கருதவில்லை. ஒரு பிள்ளை தன் பயத்துக்குத் தானே கட்டிய முதல் கதை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆனால் வளர்ந்தவர் அதை மறுபடி சொல்லும்போது சில கேள்விகளுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார். என் வகுப்பில் பாதியில் நின்றுபோனது யார்? கடைசி வரிசையில் தனியாக உட்கார்த்தி வைக்கப்பட்டது யார்? யாருடைய கையில் தழும்பு இருந்தது? யார் பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம்?

இவற்றுக்குப் பதில் எழுத ஆரம்பித்தால் பூட்டிய அறையில் கேட்ட சத்தம் மெல்ல அடங்கிவிடும். அந்த அறைக்குள் பழைய வருகைப் பதிவேடுகள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்து பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.