ஒளியும் உழைப்பும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குச் சென்றிருந்தோம். மாலையில் பிடித்த மழை இரவிலும் விடவில்லை. தங்கிய இடத்தில் பேத்தி மடிக்கணினியைத் திறந்து, ‘ரேடியோஆக்டிவ்’ என்னும் ஆங்கிலப் படத்தைக் காட்டினாள். மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கைப் படம். ஈரானில் பிறந்த மர்ஜான் சத்ராபி என்னும் பெண்மணி 2019-இல் இயக்கியது. குடும்பத்தோடு காண்போர் ஓரிரு காட்சிகளைத் தள்ளிவிட வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: “நன்னா, ரேடியத்தை இவ்வளவு சீக்கிரமாவா கண்டுபிடிச்சாங்க?”

இப்படத்தின் பெருங்குறையை அக்கேள்வி எடுத்துக் காட்டிவிட்டது. ரேடியம் உண்டென்று கியூரி தம்பதியர் அறிவித்தது 1898-இல். அதன் உப்பைப் பத்தில் ஒரு கிராம் அளவுக்குப் பிரித்தெடுத்தது 1902-இல். ஒழுகும் கொட்டகையில், பல டன் தாதுக் கழிவைக் கொதிக்க வைத்து, தம் உயரத்துக்கு ஏறத்தாழ ஒத்த இரும்புக் கோலால் அம்மையார் கிளறிய ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகள் இப்படத்தில் விரைந்து ஓடிவிடுகின்றன. கிரீர் கார்சன் நடித்து 1943-இல் வெளிவந்த ‘மேடம் கியூரி’ இவ்வகையில் மேலானது. சலிப்பையும் தோல்வியையும் காட்டிய பிறகே அது இருளில் ஒளிரும் கிண்ணத்தைக் காட்டிற்று.

ஆயினும் பழைய படம் மறைத்ததைப் புதிய படம் துணிந்து சொல்கிறது. கணவரை இழந்த அம்மையாரின் சொந்த வாழ்க்கையைப் பத்திரிகைகள் 1911-இல் சந்திக்கு இழுத்ததும், ‘அந்நிய நாட்டுக்காரி’ என்று கூட்டம் கூடி ஏசியதும், அதே ஆண்டில் அவர் இரண்டாவது நோபல் பரிசைப் பெற்றதும் நெஞ்சில் தைக்கின்றன. முதல் உலகப் போரில் மகள் ஐரீனோடு எக்ஸ்-ரே வண்டிகளைக் கொண்டு சென்ற பகுதியும் நன்று.

ஆனால் முதற் பரிசைப் பெறக் கணவர் மட்டும் ஸ்டாக்ஹோம் சென்றதாகவும், அதனால் மனைவி சினந்ததாகவும் காட்டுவது மெய்யன்று. 1903-இல் இருவருமே செல்லவில்லை. 1905-இல் சேர்ந்தே சென்றனர். மனைவியின் பெயரும் பரிசில் இடம்பெற வேண்டுமென்று வாதாடியவர் அக்கணவரே. நல்ல துணையாயிருந்த ஒருவரைக் குறைத்துக் காட்டினால்தான் பெண்ணின் பெருமை விளங்குமா? ஹிரோஷிமா, செர்னோபில் ஆகியவற்றை இடையிடையே புகுத்தி, பிறர் செய்த அழிவின் நிழலை அவர்மீது படியவிடுவதும் நமக்கு ஒப்பவில்லை.

மறுநாட் காலையில் மழை ஓய்ந்திருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் மலைவாழ் மூதாட்டி ஒருவர் முறத்தில் சாமை விதையைப் புடைத்து, சொத்தையை நீக்கிக் கொண்டிருந்தார். மரவள்ளி பெருகிச் சிறுதானியம் சுருங்கிவிட்ட மலை இது. எஞ்சிய விதை இத்தகைய கைகளால்தான் காக்கப்பட்டு வருகிறது. பேத்தி வெகுநேரம் அருகில் அமர்ந்திருந்தாள். பொறுமையான வேலை எத்தகையது என்பதை முந்திய இரவின் படம் காட்டவில்லை. அந்த முறம் காட்டியது.

அப்போது நமக்கு ஜானகி அம்மாளின் நினைவு வந்தது. தலசேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் பயின்று, 1931-இல் மிச்சிகனில் முனைவரானவர். கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பைப் பிற புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தவர். நம் நாட்டு எளிய மக்களின் பிழைப்புமுறை வேளாண்மையைப் பற்றி 1955-இல் பிரின்ஸ்டன் மாநாட்டில் கட்டுரை அளித்தவர். 1984-இல் மறையும்வரை செடிகொடிகளோடு வாழ்ந்தவர்.

அவர் வாழ்வைத் தமிழில் எவரேனும் படமாக்க முன்வந்தால் நம் வேண்டுகோள் ஒன்றே: கண்ணீரையும் கைதட்டலையும் குறைத்து, வேலையைக் காட்டுங்கள். நம் பெண்மக்கள் ஒளியை மட்டும் கண்டால் வியப்பார்கள். உழைப்பைக் கண்டால்தான் ‘நம்மாலும் இயலும்’ என்று துணிவார்கள்.