எருமைப்பாலில் ஊறும் துணி

ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில், கையால் ஓவியம் வரையப்படும் கலம்காரித் துணிக்கு முதலில் கிடைப்பது கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த குளியல். பாலின் கொழுப்பு மையைக் கசியவிடாது.

கறுப்பு மைதான் வேடிக்கை. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். அந்த நீர் கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கன்னங்கரேலென்று மாறுகிறது. எழுதுகோல், கம்பளி சுற்றிய மூங்கில் குச்சி. விரலால் அழுத்தினால் கோடு இறங்கும். சிவப்போ படிகாரம் தொட்ட இடத்தில்தான் பிடிக்கும்.

அருகிவந்த இந்தக் கலைக்கு, 1950களின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் பயிற்சி மையம் வந்தது. இவ்வூர்க் கலைஞர் குரப்பா செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ.

ஆடை வடிவமைப்பு மாணவி இத்துணியில் குர்தா தைப்பதானால், வரைவதற்கு முன்பே கழுத்தையும் கையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துணியில் வரைந்த ராமரின் வில் அக்குள் தையலில் மாட்டிக்கொள்ளும்.