ஐரிஸ் புளூவில் ஒரு எம்ஜிபி

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபேக்டரி நிறத்தைத் தவிர வேறு நிறம் அடிப்பது பாவம் என்று சொல்பவர்கள், என் எம்ஜிபி ஜிடியை ஒருமுறை வெயிலில் பார்க்க வேண்டும். 1973 மாடல். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையிலிருந்து வெளிவந்தபோது அதன் நிறம் கடுகு மஞ்சளான ஹார்வெஸ்ட் கோல்ட். இப்போது ஐரிஸ் புளூ. அடடா, என்ன அழகு!

1962இல் எம்ஜிபி முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது வாங்குவோருக்குக் கிடைத்த நிறங்களில் ஒன்று இந்த வெளிர் நீலம். என் கார் பிறந்த நேரத்தில் அது பழைய கதையாகிவிட்டது. ஆக, என் காருக்குத்தான் அது புதுசு; எம்ஜி குடும்பத்துக்கு இல்லை. நிறம் மாற்ற நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: அந்தக் காரின் வம்சத்திலேயே தேடுங்கள்.

வேலை நடந்தபோது பட்டறையே கதி என்று கிடந்தேன். நிறம் மாற்றுவதென்றால் வெளிப்பக்கம் மட்டும் அடித்துவிட்டு வருவதில்லை. இன்ஜின், கண்ணாடிகள், ரப்பர் பீடிங், பம்பர் எல்லாம் கழன்று வர வேண்டும். கதவைத் திறந்தால் உள் விளிம்பில் பழைய மஞ்சள் எட்டிப்பார்க்கக் கூடாது. எம்ஜிபிக்கு ஆகாத இடம் கதவுக்குக் கீழே ஓடும் சில். காரின் பலத்தைத் தாங்கும் அந்தப் பகுதிக்குள்தான் துரு குடியேறும். அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்த பிறகுதான் பெயின்ட் பேச்சே.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ப்ரைமருக்குப் பிறகு வந்தது. அதன்மேல் கறுப்புப் பொடியை லேசாகப் பூசி, நீளக் கட்டையில் எமரி ஷீட்டைச் சுற்றித் தேய்க்கிறார்கள். மேடு வெளுத்துவிடும், பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும். வலது கதவின் நடுவே, உள்ளங்கையால் தடவியும் நான் உணராத ஒரு நெளிவு, கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்தது. அந்தப் புள்ளி மறையும்வரை பெயின்டர் விடவில்லை. அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு!

பிறகு பெயின்ட் பூத்துக்குள் நீலம் ஏறியது. மெட்டாலிக் இல்லாத நிறம் என்பதால் மினுமினுப்பு எதையும் மறைக்கவில்லை. வளைவுகளில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போனது. 1965இல் வந்த ஜிடியின் கூரை, இத்தாலியின் பினின்ஃபரினா கைபட்டது. அது பின்கதவை நோக்கிச் சரியும் கோடு இந்த நீலத்தில் எவ்வளவு தெளிவாக எழுந்து நிற்கிறது தெரியுமா? பக்கவாட்டில் ஓடும் மெல்லிய குரோம் பட்டைகூட இப்போது வெள்ளிச் சரிகை மாதிரி மின்னுகிறது. மேகமூட்டத்தில் லேசான சாம்பல் சாயல், மாலை வெயிலில் இளஞ்சூடான நீலம். எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மதிப்பு போய்விடுமே என்பார்கள். மிக அரிய கார் என்றால் அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் எம்ஜிபி 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. சரித்திரமும் அழியவில்லை. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும் சான்றிதழ், பிறந்த நிறம் ஹார்வெஸ்ட் கோல்ட் என்றே சொல்லும். அதைக் காரின் கோப்பிலேயே வைத்திருக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் நிறத்தை மாற்ற, பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது.

உங்கள் காரும் எப்படியும் தகடுவரை உரியப்போகிறதென்றால், பிறந்த நிறத்துக்கே திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். சாம்பிளை அட்டையில் பார்க்காதீர்கள். பழைய ஃபெண்டர் ஒன்றில் அடித்து வெளியே வைத்து, காலையிலும் மாலையிலும் பாருங்கள். மனம் எதில் நிற்கிறதோ அதையே, கதவிடுக்குவரை முழுசாக அடியுங்கள். ஓட்டக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் கொண்டாட்டம்தான்!