நிலைக்கண்ணாடியின் முதுகுப் பக்கம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களில் பழைய வீடு ஒன்று பாகம் பிரியும்போதோ இடிபடும்போதோ முதலில் விலை பேசப்படுவது தேக்கு உத்தரங்களும் கதவு நிலைகளும்தான். அவற்றுக்குக் கன அடிக் கணக்கு உண்டு. கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் நிலைக்கண்ணாடிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. “பெல்ஜியம் கண்ணாடி, நூறு வருஷத்துக்கு மேலே” என்று விற்பவர் தொடங்குவார். வாங்குபவர் அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். எனக்கு வியப்பு, இது தோல் ஊரில் நடப்பதுதான். செலக்‌ஷன் மேசைக்கு வரும் ஒரு தோலை மேல்பக்கம் மட்டும் பார்த்து ரகம் சொல்லும் ஆள் இங்கே கிடையாது. புரட்டுவார், சதைப் பக்கத்தைத் தடவுவார், ஓரத்தை மடித்துப் பார்ப்பார். அதே ஆள் கண்ணாடிக் கடையில் மட்டும் முகப்போடு நின்றுவிடுகிறார்.

பழைய கண்ணாடி ஒன்றில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: கண்ணாடிப் பலகை, அதன் பின்னால் உள்ள பூச்சு, மரச் சட்டம். மூன்றும் ஒரே ஆண்டில் பிறந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய சட்டத்தில் புதுப் பலகை ஏறியிருக்கலாம். பழைய பலகைக்குப் போன மாதம் பூச்சு போட்டிருக்கலாம். எனவே “இதற்கு எத்தனை வயது?” என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போவதுதான் உயர்ந்த விலைக்கு உரியது.

பூச்சிலிருந்து தொடங்குவோம். மரபுகள் பிரிவது அங்கேதான்.

மிகப் பழைய மரபில் பூச்சே கிடையாது. உலோகத்தையே தேய்த்து மெருகேற்றினார்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பேலூர் சென்னகேசவர் கோயிலின் தர்ப்பண சுந்தரி கையில் இருப்பது அந்த வகைக் கண்ணாடியாகத்தான் இருக்க முடியும். இந்த மரபு இன்றும் உயிரோடு இருப்பது கேரளத்து ஆறன்முளையில். செம்போடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை அது. கீழே விழுந்தால் உலோகம்போல் நசுங்காது, கண்ணாடிபோல் உடையும். அதைச் செய்யும் குடும்பங்களின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று அவர்களே சொல்லும் வரலாறு உண்டு. 2004-05இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இதைச் சோதிப்பது எளிது. நகத்தின் நுனியை மேற்பரப்பில் வைத்தால் நகமும் அதன் பிம்பமும் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும். இடைவெளி தெரிந்தால் அது பின்பக்கம் பூச்சிட்ட சாதாரணக் கண்ணாடி.

அடுத்தது பாதரச மரபு. வெள்ளீயத் தகட்டை விரித்து, பாதரசம் ஊற்றி, அதன்மேல் கண்ணாடிப் பலகையைச் சறுக்கி வைத்துப் பாரமேற்றுவார்கள். வெனிசின் முரானோ தீவு காத்துவைத்திருந்த தொழில் இது. 1665இல் பிரெஞ்சு அரசு தன் சொந்தப் பட்டறையைத் தொடங்கி அதை உடைத்தது. ஜெர்மனியின் ஃபியூர்த் நகரம் 19ஆம் நூற்றாண்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம். அங்குள்ள தொழிலாளர்கள் பாதரச நஞ்சால் பட்ட பாட்டுக்கும் அந்த ஊர் பெயர்பெற்றது. இந்தப் பூச்சின் பிம்பம் சற்று இருண்டு, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். பழுதுபடும்போது கரும்புள்ளி விழுவதைவிட, உப்புப் பரல்போல மினுக்கும் படிகங்களாகத் தெரியும். காலப்போக்கில் பாதரசம் இறங்கிக் கீழ் ஓரத்தில் சேரும் என்பதால் சேதமும் அங்கேதான் அதிகம். பின்பலகையைக் கழற்றினால் பெயிண்ட் இருக்காது. வெறும் ஈயச் சாம்பல் நிறத் தகடுதான். அதைத் துடைக்கக் கூடாது, தலைகீழாகத் திருப்பவும் கூடாது. சொட்டுச் சொட்டாகப் பாதரசம் உதிர்ந்தால் துடைப்பத்தை எடுக்காமல் அறையின் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வருவது நல்லது.

மூன்றாவது, வெள்ளி மரபு. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், வெள்ளியைக் கரைசலிலிருந்து கண்ணாடிமேல் படிய வைக்கும் வழியை 1835இல் கண்டார்; தொழிலுக்கு ஏற்றபடி அது சீர்பட்டது 1856 வாக்கில். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பாதரசத்தை ஏறக்குறைய முழுதாகவே ஒதுக்கிவிட்டது. நம் ஊரில் இன்றும் எந்தப் பூச்சானாலும் “ரசம் போயிருச்சு” என்றே சொல்கிறோம், ஆனால் கடையில் நாம் பார்க்கும் பழைய கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் இருப்பது வெள்ளிதான். பிம்பம் பளிச்சென்று, சற்றே வெதுவெதுப்பான நிறத்தில் இருக்கும். பின்பக்கம் காவி அல்லது சாம்பல் நிறப் பெயிண்ட் காப்பாகப் பூசியிருக்கும்.

இந்த 1835 என்ற ஆண்டை மனதில் வைத்துக்கொண்டால் வேலூரில் நிறையப் பணம் மிச்சமாகும். திப்புவின் குடும்பம் வேலூர்க் கோட்டைக்குள் வாழ்ந்தது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு, இதே கோட்டையில் இருத்தப்பட்டு, 1832இல் இறந்தான். எவராவது ஒரு கண்ணாடியைக் காட்டி “திப்பு மகாலிலிருந்து வந்தது”, “கண்டி ராஜா வைத்திருந்தது” என்றால் பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். முதுகில் வெள்ளி இருந்தால், திப்புவின் பிள்ளைகளோ கண்டி ராஜாவோ அந்தப் பூச்சில் முகம் பார்த்திருக்க வழியே இல்லை. பலகை பழையது, பூச்சு மட்டும் பின்னால் போட்டது என்று விற்பவர் சொல்லலாம். சொல்லட்டும், அப்போது பலகைதான் சாட்சி சொல்ல வேண்டும், கதை அல்ல.

வெளியூர்க்காரர் எழுதும் வழிகாட்டிகளில் இல்லாத ஒன்று நம் வட்டாரத்துக்கு உண்டு. கண்ணாடியின் ஓரம் கறுத்து, உள்ளே கரும்புள்ளிகள் பரவியிருந்தால் அதையே வயதின் அடையாளமாக உலகெங்கும் சொல்கிறார்கள். தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பது டேனரிகளில் வழக்கம். அதிலிருந்து கிளம்பும், அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வெள்ளியைக் கண்டால் ஆகாது. கொலுசைக் கறுக்க வைக்கும் அதே வினைதான் கண்ணாடியின் பெயிண்ட் விட்ட ஓரங்களிலும் நடக்கும். டேனரிக் காற்றில் தொங்கிய கண்ணாடி தன் வயதைவிட மூத்துத் தெரிவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால் ஆம்பூர்க் கண்ணாடியின் கறுப்பை நான் வயதுச் சான்றாக ஏற்பதில்லை. வேண்டுமென்றே அமிலம் தடவிக் கறுக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் புள்ளிகள் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி தூவியிருக்கும். இயற்கையான பழுது ஈரம் ஏறிய வழியாகத்தான் வரும்: கீழ் ஓரம், ஆணி அடித்த இடம், சுவரை ஒட்டிய பக்கம்.

அலுமினியப் பூச்சு பற்றி ஒரு வரி போதும். வெற்றிடத்தில் அதைப் படிய வைக்கும் முறை 1930களில்தான் வந்தது. அதைக் கண்டால் நூறு வயதுப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பலகைக்கு வருவோம். டியூப் லைட்டின் பிம்பம் தெரியும்படி சாய்ந்து நின்று தலையை மெல்ல அசைத்தால், ஊதி விரித்த பழைய பலகையில் அந்த நேர்கோடு ஒழுங்கில்லாமல் நெளியும். நெளிவு ஒரே திசையில், வரிசை வரிசையாக வந்தால், அது இயந்திரம் இழுத்தெடுத்த தகடு. பெல்ஜியத்தின் ஃபூர்கோ கண்ட அந்த முறை முதல் உலகப் போரை ஒட்டித்தான் பரவியது. நெளிவே இல்லை என்றால் புதிது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வார்த்துத் தேய்த்த உயர்ந்த ரகப் பலகை அந்தக் காலத்திலேயே சமமாகத்தான் இருந்தது. உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யும் ஃப்ளோட் கண்ணாடியைப் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல். நம் அருகே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை தொடங்கியது 2000இல். ஃப்ளோட் பலகையின் கனம் எங்கும் ஒன்றே. நகச் சோதனையை நான்கு மூலைகளிலும் நடுவிலும் செய்து, இடைவெளி இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று பார்த்தால் வேற்றுமை புலப்படும். ஓரத்துப் பெவலையும் விரலால் தடவுங்கள். கையால் தேய்த்த பழைய சரிவு மிக ஆழமற்றது, எங்கே தொடங்குகிறது என்று விரலுக்கே தெரியாது. இயந்திரப் பெவலின் விளிம்பு கூர்மையாகத் தட்டுப்படும்.

சட்டத்தில் ஏமாறுவோர்தான் அதிகம், ஏனென்றால் பர்மா தேக்கும் ஈட்டி மரமும் கண்டால் நாம் மயங்குவோம். செதுக்கிய முகப்பை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். பின்பலகையில் வளைவான அறுவைக் கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம். நேர்க்கோடுகள் ஒழுங்கின்றி இருந்தால் கைரம்பம். பிளைவுட் என்றால் 20ஆம் நூற்றாண்டு. நட்சத்திர வெட்டுத் தலையுள்ள ஸ்க்ரூ 1930களுக்கு முன் கிடையாது. ஆனால் ஒரு ஸ்க்ரூ மட்டும் புதிது என்றால் அது பழுதுபார்த்த தடயமாகவும் இருக்கலாம். பூச்சி அரித்த துளை மரத்துக்குள் வளைந்து போகும். நேராகப் போகும் துளை டிரில் போட்டது.

“பெல்ஜியம்” என்ற பெயர்ச் சிக்கலும் உண்டு. சார்லெருவா வட்டாரம் உலகுக்கே கண்ணாடி ஏற்றுமதி செய்தது உண்மை. செட்டிநாட்டு வீடுகளில் பெல்ஜியம் கண்ணாடி தொங்குவதும் உண்மை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் வழியாக அந்தப் பெயர் தமிழ்நாடு முழுதும் பரவி, இப்போது எந்தப் பெவல் கண்ணாடிக்கும் ஒட்டிக்கொள்கிறது. முத்திரையோ இறக்குமதிச் சீட்டோ இல்லாதபோது அந்தச் சொல்லுக்கு நான் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரமாட்டேன். பழைய பில்லைத் தரும் குடும்பத்துக்கு இரட்டிப்பாகத் தருவேன்.

மதிப்பைக் குறைக்கும் பெரிய குற்றம், விற்பதற்கு முன் புதிதாக ரசம் பூசுவது. பளபளப்பு வரும், பூச்சின் வயது போய்விடும். பழைய பூச்சோடு புள்ளி விழுந்த கண்ணாடியே மேல். அதில் தலைவார முடியாது என்றால் தலைவாரப் புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சிறியவற்றையும் ஒதுக்காதீர்கள்: தக்கணி உருது பேசும் குடும்பங்களில் ஜல்வாச் சடங்கின்போது மணமக்கள் ஒருவரையொருவர் முதலில் பார்க்கும் கைக்கண்ணாடிகள் சில தலைமுறைகளாகப் பெட்டிக்குள் இருப்பதால் பூச்சு கெடாமல் கிடைக்கும்.

கடைசியாக, ஏற்றுமதியாளர்களுக்கு. ஷூ வாங்க வரும் ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ஒரு பழைய கண்ணாடியைப் பரிசாக அனுப்பும் எண்ணம் இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். நூறு ஆண்டு நிறைந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த வயதுக்கு உட்பட்டதென்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கலாம். விற்கும்போது 120 வயது சொன்னவர், பார்சல் கட்டும்போது “அதெல்லாம் அறுபது வருஷம்தான்” என்று இறங்கி வருவதை இங்கே எதிர்பார்க்கலாம். அதனால் பில்லில் “பழைய கண்ணாடி” என்று பொதுவாக எழுதவிடாமல், பலகை, பூச்சு, சட்டம் மூன்றுக்கும் அவர் சொல்லும் காலத்தைத் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுக்கும் வரிக்கு உரிய பணத்தை விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.