சூச்சௌ சோலையும் உவவனமும்

சீன நாட்டுச் சூச்சௌ, கால்வாய்கள் ஊடறுத்து ஓடும் பழம்பெரு நகர். அதன் சோலைகளுள் ஒன்பது, 1997இலும் 2000இலும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. பினாங்கிலிருந்து சென்று மீள்வோர் பலர், குளமும் பாலமும் கண்டோம் என்பதோடு அமைவர். அச்சோலைகளோ கண்டு மகிழ்வதற்கு மட்டும் உரியன அல்ல, கற்றற்கும் உரியன.

பதினோராம் நூற்றாண்டில் பதவி இழந்த சூ சுன்சின் என்னும் புலவர் சாங்லாங் சோலையை அமைத்தார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுப்பணி விட்டு வந்த வாங் சியான்சென், 'எளிய ஆட்சியாளர் சோலை'க்கு அடியிட்டார். பின்னதில் உள்ள சிறு மண்டபம் ஒன்றின் பெயர் 'யாருடன் அமர்வது' என்பது. சூ துங்போவின் பாட்டில் எழும் வினா அது. பாட்டை அறியார்க்கு அம்மண்டபம் வெறும் இருக்கை. அறிந்தார்க்கு நிலவும் காற்றும் உடனிருக்கும். சுவர்தோறும் பின்னற் சாளரங்கள். அவை அப்பாலுள்ள மூங்கிலைக் காட்டும். அங்குச் செல்லும் வழியைக் காட்டா.

இவ்விடத்தே மணிமேகலையின் உவவனம் நம் நினைவுக்கு வருதல் வேண்டும். வகுப்பறையில் நாம் அதனை மரஞ்செடிப் பெயர் வரிசையாகவே ஒப்புவிக்கச் செய்கிறோம். அது சாத்தனார்க்கு நீதி செய்வதாகாது. அச்சோலையின் உயிர் பளிக்கறையில் இருக்கிறது. உதயகுமரன் பளிங்கினூடே மணிமேகலையின் உருவைக் காண்கிறான், அணுக இயலவில்லை. காமத்தின் கண்ணுக்கு எட்டுவது உருவம் மட்டுமே என்பதைப் புலவர் ஈண்டு அறவுரையாகக் கூறவில்லை. கட்டடமாக எழுப்பிக் காட்டுகிறார்.

வேற்றுமையும் உண்டு. சூச்சௌ அலுவலர்க்குச் சோலை, உலகை விட்டு ஒதுங்கும் இடம். மணிமேகலைக்கோ, உலகம் துரத்தி வந்து சேரும் இடம். கண்ணீர்பட்டுத் தூய்மை இழந்த மாலைக்கு மாற்றாகப் புதுமலர் கொய்ய வந்தவள், அன்றிரவே மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்லப்படுகிறாள். அங்கே சோலை பயணத்தின் முடிவு, இங்கே தொடக்கம்.

இதனை நம் மாணாக்கர்க்கு உணர்த்துதல் எளிதன்று. 'தோட்டம்' என்றால் வரிசை பிடித்து நிற்கும் இரப்பரும் செம்பனையுமே அவர்தம் மனத்தில் எழும். தாத்தா பாட்டியர் வேர்வை சிந்திக் கூலி பெற்ற நிலம் அது. பூக்கொய்து உலவும் பொழிலை அச்சொல் அவர்க்குத் தாராது. ஆதலின் ஆசிரிய நண்பர்கள் அவர்களை முதலில் ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி கோயிலுக்கு அழைத்துச் செல்லலாம். அங்கே பாறைமேல் பொறித்த சீன எழுத்துகளைக் கண்டால், சொல்லும் இடமும் ஒன்றையொன்று விளக்குவதைச் சிறுவரும் உணர்வர். அதன்பின் உவவனத்தைப் படிக்கட்டும். மரப்பெயர்களை மறுநாள் ஒப்புவித்தாலும் குறைவில்லை.