நெடும்பாடலும் செம்மறியின் விருந்தும்

ராக் இசை கேட்பது நம்பிக்கை வாழ்வுக்கு ஊறு விளைவிக்குமா? இக்கேள்வி நம் பங்குகளில் நெடுநாளாக உலவி வருகிறது. 'சாத்தானின் இசை' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் ஒருபுறம். இசைக்கு ஏது சமயம் என்று எல்லாவற்றையும் ஏற்போர் மறுபுறம். இரு சாராரும் பாடலை முழுமையாகக் கேட்பதில்லை என்பதே என் குறை. அனைத்தையும் ஆய்ந்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் மடலில் தூய பவுல் பணிக்கிறார். ஆய்வதற்கு முதல் தேவை பொறுமையுள்ள செவி.

'புரோகிரசிவ் ராக்' எனப்படும் இசைவகை அப்பொறுமையைக் கேட்பவரிடம் கட்டாயமாகக் கோருகிறது. பள்ளிப் பருவத்தில் ஒலிநாடாவில் அறிமுகமான நாள்முதல், குருமடத்து ஆண்டுகளையும் கடந்து, இன்றுவரை அதன் சுவைஞனாக இருப்பவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

இவ்விசை 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு 1969இல் வெளிவந்து பலருக்கு வழிகாட்டியது. மூன்று நிமிடப் பாடல் என்னும் வானொலி வரம்பை மீறி, மேலைச் செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை ஆகியவற்றை ராக்கோடு இணைத்து நெடும்பாடல்களைப் படைத்தனர். 1972இல் 'யெஸ்' குழு தந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பாடல் 18 நிமிடங்களுக்கு மேல், நான்கு பகுதிகளாக நீள்கிறது. அதன் பின்னணியில் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவல் உண்டு. அந்நாவலின் நாயகன் ஆற்றின் ஒலியைக் கேட்டுக் கேட்டே தெளிவு பெறுகிறான்.

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பொதிகையில் பிறக்கும் நம் ஆறு, புன்னைக்காயலில் கடலைச் சேருமுன் எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்களுக்கு நீரைப் பகிர்ந்து கொடுத்தே செல்கிறது. நேரே கடலுக்கு ஓடியிருந்தால் வயல்கள் விளைந்திரா. நெடும்பாடலின் நியாயமும் இதுவே. தேங்கினால் பாய்ச்ச வேண்டும்; தேங்கியும் பாய்ச்சாதது வெறும் வித்தைக் காட்சி. அதே 'யெஸ்' குழு 1973இல் நான்கே பாடல்களால் 80 நிமிடங்களை நிரப்பியது. அப்போக்கு பிடிக்காத விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மன் மறு ஆண்டே குழுவைவிட்டு விலகினார். அவரது சலிப்பில் நியாயம் உண்டு.

விவிலியத்தின் முதல் நூலின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'ஜெனிசிஸ்' குழு 1972இல் அளித்த 'சப்பர்ஸ் ரெடி' ஏறத்தாழ 23 நிமிடப் பாடல். ஏழு பகுதிகள் கொண்டது. திருவெளிப்பாட்டின் காட்சிகள் வழியே சென்று புதிய எருசலேமில் முடிகிறது. இசையின் எழுச்சியில் இதற்கு இணையானவை மிகச் சிலவே. ஆயினும் விவிலியம் கற்றவர் இங்கே சற்று நிற்க வேண்டும். திருவெளிப்பாடு 19ஆம் அதிகாரத்தில் இரு விருந்துகள் உள்ளன. ஒன்று செம்மறியின் திருமண விருந்து. மற்றொன்று, கதிரவன்மேல் நிற்கும் வானதூதர், போரில் மடிவோரின் சதையை உண்ணப் பறவைகளை அழைக்கும் கொடிய விருந்து. பாடல் குறிப்பிடுவது இரண்டாவதை. இசையோ முதலாவதன் மகிழ்ச்சியில் பொங்குகிறது. மகிழ்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இசையின் வெள்ளம் மூடிவிடுகிறது. திருப்பலிதோறும் செம்மறியின் விருந்துக்கு அழைக்கப்படும் நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இதற்கு நேர்மாறானது 'ஜெத்ரோ டல்' குழுவின் 'அக்வாலங்' இசைத்தட்டு. 1971இல் வெளியான அதன் இரண்டாம் பக்கம் நிறுவனச் சமயத்தைக் கடுமையாகச் சாடுகிறது. அருட்பணியாளன் ஒருவன் அதனை எவ்வாறு விரும்பிக் கேட்க இயலும்? அவ்விசைத்தட்டின் தலைப்புப் பாடல் வீடற்ற முதியவர் ஒருவரைப் பற்றியது என்பதை மறவாதீர்கள். வழியோரத்து ஏழையைக் காட்டிய பின்னரே அது ஆலயத்தின் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்கிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் வரிசையும் அதுதானே! நீதியற்றோரின் பாடல் இரைச்சலை ஆண்டவர் வெறுப்பதாக ஆமோசு முழங்கியதும் நம் மறைநூலிலேயே உள்ளது. இறைவனையே மறுக்கும் இடங்களில் அப்பாடல்களோடு நான் உடன்படேன்; ஆனால் அவை எழுப்பும் கேள்விக்குப் பதில் கூறும் கடமை நமக்குண்டு. அப்பாடல்களை எழுதிய இயன் ஆண்டர்சன், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பேராலயங்களைப் பேணுவதற்கு நிதி திரட்ட அங்கேயே கச்சேரிகள் நடத்தினார் என்பதும் சிந்திக்கத்தக்கது.

தமிழில் இத்தகு முயற்சி உண்டா? இசைவகை வேறாயினும், இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' தியாகராசரையும் பாக்கையும் ஒரே அவையில் அமர்த்தியது. 2005இல் வெளியான அவரது திருவாசகச் சிம்பொனி இன்னும் துணிவானது. அதனைக் கொணர்ந்த தமிழ் மையத்தை நிறுவியவர் கத்தோலிக்க அருட்பணியாளரான ஜெகத் கஸ்பர் ராஜ். நம் வட்டாரத்துச் சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி.யு. போப், 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த மரபின் தொடர்ச்சி இது எனலாம். அதில் 'பொல்லா வினையேன்' எனும் பகுதி 20 நிமிட அளவு நீள்கிறது. இடையே வரும் ஆங்கில வரிகள் தமிழின் உருக்கத்தை எட்டவில்லை. ஆனால் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவின் பெருவெள்ளம், தன் சிறுமையை அறிக்கையிடும் ஓர் அடியாரின் குரலுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. பேராற்றல் தாழ்மைக்குப் பணிசெய்யும் அந்த இடமே அதன் வெற்றி.

பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் ஈர்த்துவிடுமோ என்று தூய அகுஸ்தினார் தம் 'ஒப்புரவுகள்' நூலின் பத்தாம் பகுதியில் அஞ்சுகிறார். ஆயினும் இசையை அவர் ஆலயத்திலிருந்து விலக்கவில்லை, அஞ்சிக்கொண்டே கேட்டார். அவரது அச்சமே நமக்கு அளவுகோலாகட்டும். 23 நிமிடம் ஒரு பாடலுக்குச் செவிகொடுத்தவர், அதன்பின் துயருற்ற அயலாரின் நீண்ட கதைக்கும் செவிகொடுக்கிறாரா? அவ்வாறாயின் அந்த இசை வயலுக்குப் பாய்ந்த நீர். இல்லையெனில், எவ்வளவு இனிமையாயினும் கடலுக்கு ஓடிய வெள்ளமே.